காலியான ரோட்டில் ஒரு பிரேக்

மாஸ்டரின் வலது கால் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்தி இருபத்து நான்கு வருடம் ஆகிறது.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் அவர். காலை ஆறு மணிக்கு அந்தச் சிவப்புக் காரில் ஏறினால், பொழுது சாயும்வரை ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில்தான் வாசம். அவர் பக்கம் ஸ்டியரிங் கிடையாது. காலடியில் ஒரு கிளட்ச், ஒரு பிரேக், அவ்வளவுதான் அவர் ராஜ்ஜியம். கற்றுக்கொள்ள வந்தவர் எதிரே லாரியைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். நாய் குறுக்கே ஓடினால் "ஐயோ" என்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வார். அந்த நேரத்தில் மாஸ்டரின் வலது கால் தானாக இறங்கும். மூளைக்குச் சொல்லியனுப்பி, பதில் வாங்கி, அப்புறம் மிதிப்பது என்ற வழக்கமெல்லாம் அதற்கு இல்லை. ஊரில் பாதிப் பேர் கை கால் முழுசாக நடமாடுவது அந்தக் காலின் புண்ணியம் என்று மாஸ்டர் சொல்லிக்கொள்வார். மீதிப் பாதிப் பேர் எதிர்த்தெரு ஸ்கூலில் கற்றவர்கள்.

அந்த மீதியில் அவர் மனைவியும் ஒருத்தி. வெட்கக்கேடு, ஆனால் உண்மை. "இவர்கிட்ட கத்துக்கிட்டா நான் எங்க வீட்டு கேட்டையே தாண்ட மாட்டேன். வண்டி கிளம்பறதுக்கு முன்னாடியே நிறுத்திடுவார்" என்று சொல்லிவிட்டு, எதிர்த்தெரு ஸ்கூலில் சேர்ந்து, முதல் டெஸ்டிலேயே பாஸாகி வந்தாள். வீட்டுக் காரை இன்றைக்கும் அவள்தான் ஓட்டுகிறாள். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் தரையை மிதித்துக்கொண்டு வருவார். மிதித்து மிதித்து அந்தப் பக்கத்து ரப்பர் விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருக்கிறது.

இப்படியொரு காலை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? பேசாமல் இருந்திருக்க வேண்டும். மாஸ்டரோ முப்பத்தெட்டாவது வயதில் டிரம்ஸ் வாசிக்கப் போனார். டிரம்ஸில் தரையோடு உட்கார்ந்திருக்குமே ஒரு பெரிய டிரம், 'தொம்' என்று கேட்பவர் வயிற்றில் இடிக்குமே, அதைப் பெடலை மிதித்துத்தான் வாசிக்க வேண்டும். எந்தக் காலால் என்று சொல்லவும் வேண்டுமா?

குழுவின் பெயர் 'நாலு பேர்'. "மேடையில நாலு பேர், சரி. கீழே எத்தனை பேர் இருப்பாங்க?" என்று பெயர் வைத்த அன்றைக்கே மனைவி கேட்டாள். பல கச்சேரிகளில் அங்கேயும் அதே கணக்குதான்.

கிடார் வாசிப்பது மாஸ்டரின் மைத்துனன். மனைவிக்கு நேர் இளையவன். டைல்ஸ் கடையில் விற்பனையாளன். கல்லூரியில் ஒரு பெண்ணை மயக்குவதற்காக கிடார் கற்றான். பெண் வேறொருவனோடு போய்விட்டாள், கிடார் மட்டும் தங்கிவிட்டது. அவளை நினைத்து அவன் எழுதிய பாட்டுக்குக் குழுவில் 'போனவள் பாட்டு' என்று பெயர். கீபோர்டு வாசிப்பவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊரார் கண்ணையெல்லாம் சோதிப்பவர், தன் நோட்டில் தானே எழுதியது தெரியாமல் மூக்கால் உழுதுகொண்டிருப்பார். பாடுவது லேப் அக்கா. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை. ஊசி குத்துவது தெரியாமல் இருக்கட்டும் என்று நோயாளிகளுக்காகப் பாட ஆரம்பித்தவர். "பாட்டை நிறுத்துங்க, வேணும்னா ரெண்டு தடவை குத்திக்கோங்க" என்று சொன்ன நோயாளியும் உண்டு. அதையும் அக்காவே சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார்.

பதினோரு வருடத்தில் ஐம்பத்திரண்டு கச்சேரி. முதலாவது, டைல்ஸ் கடையின் புது மாடித் திறப்பு. மூன்று பேர் நின்று கேட்டார்கள். அதில் ஒருவர் பாட்டின் நடுவே மேடையேறி, பாத்ரூமுக்கு வழுக்காத டைல்ஸ் என்ன விலை என்று மைத்துனனிடம் விசாரித்தார். அவனும் கிடாரை நிறுத்தாமல் விலை சொன்னான். ஒரு பள்ளி ஆண்டு விழாவில், இவர்கள் முறை வந்தபோது நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு பிறந்தநாள் வீட்டில் முதல் 'தொம்'முக்கே குழந்தை வீறிட்டு அழ, டிரம்மின் வயிற்றில் மூன்று தலையணையைத் திணித்து மிச்சத்தை முடித்தார்கள். ஏற்றமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு பணி ஓய்வு விழாவில் பின்வரிசைப் பெரியவர் ஒருவர் கையை உயர்த்தி "இன்னொண்ணு!" என்று கத்தினார். பதினோரு வருடத்தில் கிடைத்த ஒரே "இன்னொண்ணு". அவர் காபியைத்தான் கேட்டார் என்று கண்ணாடிக்காரர் இன்றுவரை சாதிக்கிறார். அவருக்கு என்ன தெரியும்? பின்வரிசை அவர் கண்ணுக்கு எட்டவே எட்டாது.

எந்தக் கச்சேரியானாலும் ஒன்று மட்டும் மாறாது. பாட்டு ஒழுங்காகப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று மாஸ்டரின் வலது கால் பெடலை ஓங்கி ஒரு மிதி மிதித்து அப்படியே அழுத்திக்கொள்ளும். கணக்கில் இல்லாத ஒரு 'தொம்' விழும். பாட்டு அரைத் தாளம் திணறி நின்று, அப்புறம் நகரும். ஒரு பாட்டுக்கு மூன்று தடவையாவது நடக்கும். "மாமா, மறுபடியும் பிரேக்!" என்று மைத்துனன் பல்லைக் கடிப்பான். மாஸ்டர் என்னதான் செய்யவில்லை? வீட்டில் தலையணையை மிதித்துப் பழகினார். ஷூவைக் கழற்றிப் பார்த்தார், கட்டைவிரலில் ரப்பர் பேண்டு மாட்டிப் பார்த்தார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள்; இந்தக் கால் அதற்கு அப்பாலும் மிதிக்கும் போலிருந்தது.

அப்படியானால் விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று யாரும் கேட்பார்கள். அவர் மனைவி மாதம் ஒரு தடவை கேட்டாள். அவரால் முடியவில்லை. வாரம் ஆறு நாளும் மாஸ்டரின் வேலை நிறுத்துவது. வண்டியை ஓட்டுவது யாரோ, திருப்புவது யாரோ. அவர் செய்யக்கூடியதெல்லாம் நிற்கவைப்பது மட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் டைல்ஸ் குடோனில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, அந்த வட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, குச்சியோடு குச்சி தட்டி "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று அவர் சொன்னால்தான் மற்ற மூன்று பேரும் கிளம்புவார்கள். உலகத்தில் அவர் கிளப்பி ஓடுகிற வண்டி அது ஒன்றுதான். அது உருப்படியாக ஓடியதா என்பது வேறு பேச்சு.

அந்த ஸ்டூலுக்கு ஆபத்து ஒரு கல்யாண வரவேற்பில் வந்தது.

உற்சாகமான கூட்டம். முப்பது நாற்பது பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து ரயில் மாதிரி வளைந்து வளைந்து ஆடிக்கொண்டு வந்தார்கள். இஞ்சின் மாப்பிள்ளையின் சித்தப்பா, நல்ல கனமான ஆள். லேப் அக்கா குரலை உயர்த்தினார், ரயில் வேகமெடுத்தது, மாஸ்டரின் கால் இறங்கியது. தொம். தாளம் நின்றதும் முன்னால் இருந்தவர்கள் நின்றார்கள். பின்னால் இருந்தவர்கள் நிற்கவில்லை. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சித்தப்பா கேக் மேஜைக்குள் முகம் குப்புறப் போனார். யாருக்கும் அடியில்லை. ஆனால் யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. மாஸ்டரிடம் கார் கற்க வந்த ஒருவர், பெயர் எழுதும்போதே, "சார், அந்த ரயில் விபத்துல நீங்கதானே?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அடுத்த ஞாயிறு கண்ணாடிக்காரர் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்பு டப்பாவோடு குடோனுக்கு வந்தார்.

"தாள மெஷின், மாஸ்டர். பட்டனை அமுக்கினா போதும். இம்மி பிசகாது."

மைத்துனன் கிடார் கம்பியில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "லேப் அக்கா ஆஸ்பத்திரியோட வெள்ளி விழா வருது மாமா. அறுநூறு பேர் வருவாங்க. பெரிய மேடை, பெரிய ஸ்பீக்கர். இந்த மாதிரி ஒண்ணு நமக்கு வந்ததே இல்ல. அதான்..."

"அதான்?"

"நீங்க பின்னாடி உக்கார வேண்டாம். முன்னாடி எங்களோட நில்லுங்க. டம்போரின் வாசிங்க."

டம்போரின் என்றால் கையில் பிடித்து ஆட்டுகிற சலங்கை வளையம். காலுக்கு அதில் ஒரு வேலையும் கிடையாது. "யோசிச்சுதான் குடுத்திருக்கீங்க" என்றார் மாஸ்டர். லேப் அக்காவைப் பார்த்தார். அக்கா ஒரு டைல்ஸ் பெட்டியின் மேல் அச்சடித்திருந்த நீள அகலங்களை மிகவும் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி, "பதினோரு வருஷமா நான் சொன்னதை ஒரு டப்பா வந்து சொல்ல வேண்டியிருக்கு" என்றாள். வழக்கம்போல அவரும் சேர்ந்து சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"என்னங்க? தம்பிகிட்ட நான் பேசட்டுமா?"

"வேண்டாம். அவன் சொல்றதுல தப்பே இல்ல. தப்பெல்லாம் இங்க இருக்கு" என்று வலது தொடையைத் தட்டிக் காட்டினார்.

அவருக்கு அழுகை வந்தது. நாற்பத்தொன்பது வயதில் ஒரு ஸ்டூலுக்காக அழுவது எவ்வளவு கேவலம் என்பதும் தெரிந்தது. அதனால் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து வெங்காயம் நறுக்க ஆரம்பித்தார். வீட்டில் இருந்த அத்தனையையும் நறுக்கினார். இவ்வளவு எதற்கு என்று மனைவி கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் வெங்காயம் இல்லாத சாப்பாடே இல்லை.

டம்போரினை அவர் தொடவில்லை. மூன்று ஞாயிறு குடோன் பக்கமே போகவில்லை.

வெள்ளி விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, மாஸ்டரின் காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் வங்கி மேனேஜர் அம்மா. தனக்குக் கீழே வேலை செய்யும் நாற்பது பேரை ஒரு பார்வையில் நிறுத்திவிடுகிறவர். காரை நிறுத்த மட்டும் வராது. டெஸ்டில் மூன்று தடவை கோட்டை விட்டவர். அவரிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு: யாரிடம் பேசினாலும் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். கார் ஓட்டும்போதும் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே மாஸ்டரின் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி பேசுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே மாஸ்டரின் கால் பிரேக்குக்குப் போய்விடும்.

சிக்னலில் கார் நின்றபோது பின்கதவு திறந்தது. மைத்துனன், லேப் அக்கா, நோட்டும் கையுமாகக் கண்ணாடிக்காரர், மூவரும் திபுதிபுவென்று ஏறிக்கொண்டார்கள்.

"மாமா, போனை எடுக்க மாட்டேங்கறீங்க. வேற வழி தெரியல."

"கிளாஸ் நடக்குதுடா!"

"பரவாயில்ல, இருக்கட்டும்" என்றார் மேனேஜர் அம்மா, பின்பக்கம் முழுசாகத் திரும்பி வணக்கம் சொல்லி. மாஸ்டர் பிரேக்கை மிதித்தார்.

"உங்க டப்பா என்ன ஆச்சு?" என்று கேட்டார் மாஸ்டர், முகத்தைத் திருப்பாமல்.

"டப்பா சரியாதான் வாசிக்குது மாஸ்டர். நாங்கதான் சரியில்ல" என்றார் லேப் அக்கா. "அது நிக்கவே மாட்டேங்குது. மேல ஏறிப் பாடிட்டு மூச்சு வாங்க ஒரு இடம் வேணாமா? நேத்து எனக்குக் கண்ணே இருட்டிடுச்சு. ஊர்ல எல்லாரையும் மூச்சை இழுத்து விடுங்கன்னு சொல்றவ நான்."

மைத்துனனின் விரல் கிடாரில் அடுத்த பிடிக்குப் போய்ச் சேர்வதற்குள் டப்பா அடுத்த வரிக்குப் போய்விடுகிறதாம். கண்ணாடிக்காரர் சொன்னதுதான் இன்னும் அதிசயம். "நீங்க பிரேக் போடற நேரத்துலதான் நான் நோட்டுல பக்கம் திருப்பிட்டு இருந்திருக்கேன் மாஸ்டர். பதினோரு வருஷமா. எனக்கே தெரியாது."

மாஸ்டருக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது. கூப்பிட வந்திருக்கிறார்கள், ஸ்டூல் திரும்பி வருகிறது என்று நினைத்தார். கண்ணாடிக்காரர் நோட்டைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"அதனால எந்தெந்த இடத்துல பிரேக் போடுவீங்கன்னு சொல்லிட்டா, டப்பாவுல அதையும் ஏத்திடலாம்."

உள்ளதும் போச்சு என்பது இதுதான். அவர் தப்பு அவர்களுக்கு வேண்டும், அவர் வேண்டாம். "எனக்கு எப்படித் தெரியும்? காலைத்தான் கேக்கணும்" என்றார் மாஸ்டர் எரிச்சலோடு.

"அப்ப காலையே கேட்டுடலாம். அக்கா, நீங்க பாடுங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

"பாடுங்க, பாடுங்க. எனக்கும் படபடப்பு குறையும்" என்றார் மேனேஜர் அம்மா.

லேப் அக்கா போனவள் பாட்டை ஆரம்பித்தார். மாஸ்டர் கதவுப்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடத்தில் கார் குலுங்கி நின்றது.

"இது பாட்டுக்கா, அந்த சைக்கிளுக்கா?"

"சைக்கிளுக்கு."

"அப்ப அடிச்சிடறேன்." நோட்டில் ஒரு கோடு. அடுத்தது ஒரு குப்பை வண்டிக்கு. அதையும் அடித்தார். அதற்கடுத்தது, மேனேஜர் அம்மா பாட்டின் வரி நன்றாக இருக்கிறது என்று மைத்துனனிடம் சொல்வதற்காகத் திரும்பியதற்கு.

கார் ஊரைத் தாண்டி, தொழிற்சாலைகளுக்குப் போகும் அகல ரோட்டுக்கு வந்தது. சனிக்கிழமை விடுமுறை. முன்னாலும் பின்னாலும் ஒரு ஈ காக்காய் இல்லை. மேனேஜர் அம்மா அபூர்வமாக நேரே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். பாட்டின் உச்ச வரி வந்தது. அக்கா ஏறினார், ஏறினார், இன்னும் கொஞ்சம் ஏறினார்.

கார் கிறீச்சிட்டு நின்றது.

"மாஸ்டர்! ரோட்ல யாருமே இல்லையே! எதுக்கு பிரேக்?" என்று கேட்டார் மேனேஜர் அம்மா.

மாஸ்டர் தன் காலைப் பார்த்தார். அது பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் பின்சீட்டில் லேப் அக்கா மூச்சை இழுத்து, விட்ட இடத்தில் தொட்டு, வரியை அழகாக முடித்தார்.

மறுபடி கிளப்பினார்கள். அடுத்த சரணம், அதே உச்சம், அதே பிரேக். மூன்றாவது சரணத்திலும் அப்படியே. நாலாவது தடவை யாரும் கேட்கவில்லை. நடு ரோட்டில் கார் நின்றிருந்தது.

மேனேஜர் அம்மா மாஸ்டரின் பக்கம் திரும்பினார். "நான் லாரிக்கு நேரா போறப்ப மிதிப்பீங்களே, அதே மிதி. உங்களுக்கு இவங்களைப் பார்த்தா அவ்வளவு பயமா?"

"அவங்களைப் பார்த்து இல்லம்மா" என்றார் மாஸ்டர். "அவங்களுக்காக." சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. அக்கா மேலே ஏறும்போதெல்லாம் அவருக்குப் பயம் வரும்: போய்ச் சேர்வாரோ, மாட்டாரோ, மூச்சு போதுமோ, போதாதோ. பயந்தால் அவருக்குச் செய்யத் தெரிந்த காரியம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். "எங்க விழுந்துடுவீங்களோன்னு இருக்கும் அக்கா. அதான் போலிருக்கு."

லேப் அக்காவின் கண் கலங்கிவிட்டது. "கிறுக்கு மனுஷா" என்றார். "பதினோரு வருஷமா உங்களைத் திட்டிட்டே உங்க தயவுல மூச்சு விட்டிருக்கேனே!"

கண்ணாடிக்காரர் பேனாவை மூடினார். "இதை எந்தப் பட்டன்ல ஏத்தறது? ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவா இருக்கு" என்று முணுமுணுத்து, நோட்டையும் மூடினார்.

"மாமா, நாளைக்கு ஸ்டூல்ல நீங்கதான்" என்றான் மைத்துனன். "தப்பு தப்பா வாசிங்க. தயவுசெஞ்சு."

மறுநாள் மூன்று மணிக்கு விழா. மாஸ்டர் புதுச் சட்டை போட்டுக்கொண்டார். மனைவி கூட வந்தாள், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். மேடை ஆள் மார்பளவு உயரம், ஓரத்தில் பூந்தொட்டி. எதிரே அறுநூறு பேர், டாக்டர், நர்ஸ் எல்லாரும். பேச்சுகள் முடிந்து, காபி கொடுத்து முடித்து, இவர்களை அழைத்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்தபோது மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. குழுவின் மூச்சே தன் காலில் இருக்கிறது என்று தெரிந்தபின் ஒருவன் எப்படி உட்காருவானோ அப்படி உட்கார்ந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

முதல் பாட்டில் கால் இறங்கவே இல்லை.

அவர் காத்துக்கொண்டிருந்தார். இதோ இப்போது இறங்கும், இதோ என்று காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நடந்து போகிறவனை நிறுத்தி, எந்தக் காலை முதலில் வைத்தாய் என்று கேட்டால் அவன் தடுக்கித்தானே விழுவான்? வலது கால் நல்ல பிள்ளையாக, இம்மி பிசகாமல், கணக்குக்குக் கணக்கு வாசித்தது. தப்பில்லாமல் ஒரு பாட்டு வாசிக்க வேண்டும் என்று பதினோரு வருடம் ஏங்கியது அன்றைக்குப் பார்த்துப் பலித்துத் தொலைத்தது. அக்காவின் குரல் உச்சியில் உடைந்தது. மைத்துனன் தப்பான பிடியில் மாட்டிக்கொண்டான். கண்ணாடிக்காரர் அவசரமாகப் பக்கம் திருப்ப, நோட்டே கீழே விழுந்தது. முன்வரிசையில் தலைமை டாக்டர், என்ன வியாதியாக இருக்கும் என்று யோசிக்கிற முகத்தோடு பார்த்தார்.

"மாமா, பிரேக்!"

"வரமாட்டேங்குது மாப்ளே!"

"பதினோரு வருஷமா போடாதீங்கன்னு கெஞ்சினேன், கேக்கல. இப்ப போடுங்கன்னா..."

இரண்டாவது பாட்டில் மாஸ்டர் வேண்டுமென்றே பிரேக் போட்டார். அது அதைவிட மோசம். அக்கா மூச்சு வாங்கி முடித்தபின் நிறுத்தினார். வார்த்தையின் நடுவில் நிறுத்தினார். பின்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. சிலர் எழுந்து போனார்கள். மாஸ்டரின் காது மடல் கொதித்தது. மூன்றாவது வரிசைப் பக்கம் பார்க்கவே அவருக்குத் தைரியமில்லை.

மூன்றாவதுதான் கடைசி, போனவள் பாட்டு. கண்ணாடிக்காரரின் கை கீபோர்டுக்கு அடியில் இருந்த பைக்குள் போவதை மாஸ்டர் பார்த்தார். டப்பா அதற்குள்தான் இருந்தது. கையோடு கொண்டுவந்திருக்கிறார். இந்தப் பாட்டும் போனால் ஸ்டூல் போனது போனதுதான். அப்புறம் ஆயுசுக்கும் பக்கத்து சீட்டுதான். மாஸ்டர் குச்சியைத் தட்டினார்.

முதல் இரண்டு வரியை ஒழுங்காகப் பாடிய லேப் அக்கா, சட்டென்று கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். ஒரு கையில் மைக். இன்னொரு கை காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பியது. மாஸ்டரின் முகத்தையே பார்த்து, அசல் மேனேஜர் அம்மா மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார். சிரித்துக்கொண்டே பாடினார். பாடிக்கொண்டே பின்னால் நடந்தார்.

ஒரு அடி. இரண்டு அடி. மேடை விளிம்புக்கு நாலே அடி.

"அக்கா, பின்னாடி!" என்று மாஸ்டர் கத்தினார். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. உச்ச வரி ஏறிக்கொண்டிருந்தது. அக்காவின் குதிகால் பூந்தொட்டியை உரசியது. மாஸ்டர் காலை மறந்தார், தாளத்தை மறந்தார், அறுநூறு பேரை மறந்தார்.

தொம்!

பெரிய ஸ்பீக்கரில் அது மண்டபத்தையே உலுக்கியது. அக்கா நின்றார். மூச்சை இழுத்தார். மைத்துனனின் விரல் பிடிக்குப் போய்ச் சேர்ந்தது. கண்ணாடிக்காரர் பக்கத்தைத் திருப்பினார். நாலு பேரும் ஒன்றாகச் சேர்ந்து அந்த வரியில் இறங்கினார்கள். பதினோரு வருடத்தில் அப்படி இறங்கியதில்லை. எழுந்து போனவர்கள் வாசலிலேயே நின்று திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த சரணத்தில் அக்கா பக்கவாட்டில், படிக்கட்டை நோக்கிப் போனார். அதற்கடுத்ததில் ஒயர் சுருளை நோக்கி. ஒவ்வொரு தடவையும் மாஸ்டருக்கு உயிர் போய் வந்தது, ஒவ்வொரு தடவையும் கால் இறங்கியது.

கைதட்டல் ஓய்வதற்குள் பின்வரிசையில் ஒரு நர்ஸ் எழுந்து "இன்னொண்ணு!" என்று கத்தினாள். காபி கொடுத்து முடித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. மாஸ்டர் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

மேடையின் பின்னால் மாஸ்டர் அக்காவைப் பிடித்துக்கொண்டார். "விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? மண்டை உடைஞ்சிருக்கும்!"

"ஓரத்துக்கு எத்தனை அடி இருக்குன்னு எனக்குத் தெரியும் மாஸ்டர். ரிவர்ஸ் எடுக்க நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

"கண்ணாடியைப் பார்த்து எடுக்கத்தானே சொல்லிக்குடுத்தேன்!"

"உங்க மூஞ்சியைத்தான் பார்த்தேனே. அதுலயே எல்லாம் தெரிஞ்சுதே."

வெயில் இன்னும் தாழவில்லை. மனைவி காரை ஓட்டினாள். மாஸ்டர் பக்கத்தில், குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கச்சேரியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவாளே என்று பயம்.

புறவழிச் சாலைக்கு வந்ததும் அவள் முணுமுணுக்க ஆரம்பித்தாள். போனவள் பாட்டு. முழுப் பாட்டும், வரி மாறாமல். பதினோரு வருடமாக அடுத்த அறையில் அவர் அதைப் பாடிக்கொண்டே தலையணையை மிதிப்பதைக் கேட்டுக் கேட்டுப் பாடமாகியிருக்க வேண்டும். அவள் பாடி அவர் கேட்டதே இல்லை. குரல் சுமார்தான். உச்ச வரிக்கு ஏறினாள். ஏறும்போது குரல் லேசாக நடுங்கியது.

மாஸ்டரின் வலது கால் விரிப்பின் ஓட்டைக்குள் இறங்கி, வெறும் தகரத்தை அழுத்தியது.

"ரோட்ல யாருமே இல்ல" என்றாள் மனைவி. "அதோட உங்க பக்கம் பிரேக்கும் கிடையாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு மிதிக்கறீங்க?"

"நீ அங்க மூச்சு வாங்கினியா, இல்லையா?"

அவள் கியரை மாற்றிவிட்டு அடுத்த சரணத்தை ஆரம்பித்தாள். மாஸ்டர் காலைத் தயாராக வைத்துக்கொண்டார்.